மூன்று துப்பாக்கிகளுக்குப் பொறுப்பாளர்

பல்செட் செய்கிறவள் என்றுதான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். மூன்று பல் மருத்துவர்கள் அனுப்பும் தாடை அச்சுகளை வாங்கி, மெழுகில் ஈறு செதுக்கி, பல்லைப் பல்லாக நட்டு, வேகவைத்து, தேய்த்து, மெருகேற்றித் திருப்பி அனுப்புவாள். வீட்டின் பின்னறைதான் பட்டறை. மேஜைமேல் எந்நேரமும் நாலைந்து பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள். "எனக்குத் தனிமைங்கிற பேச்சே இல்ல, வீடு நிறைய வாயாடிங்க" என்பாள். பிள்ளைகள் இல்லாத வீடு. அவளும் கணவரும் மட்டும்தான்.

கணவருக்கு லிஃப்ட் பொருத்தும் கம்பெனியில் மேற்பார்வையாளர் வேலை. வாரம் முழுக்க இருட்டுக் குழிக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிற மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆகாயம் வேண்டும். ஊருக்கு வெளியே துப்பாக்கிச் சங்கத்தின் மைதானத்தில் இயந்திரம் களிமண் தட்டுகளை உயரே வீசும்; இவர் சுடுவார். தட்டு தூள்தூளாகிற அந்த நொடியில் அவர் முகத்தில் வரும் வெளிச்சத்தை அவள் வேறெப்போதும் பார்த்ததில்லை. இரண்டு இரட்டைக்குழல் துப்பாக்கிகள், ஒரு சின்ன ரைஃபிள். மூன்றுக்கும் லைசென்ஸ் உண்டு. படுக்கையறைச் சுவரில் போல்ட் அடித்து நிறுத்திய இரும்பு அலமாரியில் அவை இருந்தன.

வெளிநாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி கட்டுகிறார்கள், பதினெட்டு மாத வேலை என்று கம்பெனி சொன்னதும் அவர் சரியென்றார். பாஸ்போர்ட், விசா, பெட்டி எல்லாம் பத்து நாளில் முடிந்தன. துப்பாக்கி விஷயம்தான் இரண்டு மாதம் இழுத்தது. கூடவே கொண்டுபோக அந்த நாட்டில் தனி அனுமதி வேண்டும்; அது வருவதற்குள் வேலையே முடிந்துவிடும். விற்பதா என்று கேட்டால் சாப்பிடாமல் எழுந்துவிடுவார். சங்கத்தில் தட்டுராஜா என்று பட்டப்பெயர் கொண்ட ஒரு நண்பர் இருந்தார். அவர் லைசென்ஸில் மூன்றுக்குமேல் இடமில்லை, அதுவும் நிரம்பியிருந்தது. மிச்சம் இருந்தது துப்பாக்கிக் கடை. ஒப்படைத்தால் பூட்டி வைப்பார்கள். அவர் போய்க் கிடங்கைப் பார்த்துவிட்டு முகம் தொங்க வந்தார்.

"சுவரெல்லாம் ஓதம். துப்பாக்கிக் கட்டை ஊறிப்போயிடும். அதுவும் இல்லாம, கடையில போட்டு வச்சவங்களுக்கு லைசென்ஸ் புதுப்பிக்கிறதே பெரும்பாடாம். கையில இல்லாத துப்பாக்கி உனக்கு எதுக்குன்னு கேக்கறாங்களாம்."

"அப்ப என்ன பண்றது?"

"ஒரே வீட்டுல இருக்கிற ஆளைப் பொறுப்பாளரா சேர்த்துக்கலாம்னு சட்டத்துல இருக்கு. ஒரு கையெழுத்துதான்."

அவள் விண்ணப்பத்தை வாங்கிப் படித்தாள். சாவி எப்போதும் பொறுப்பாளரின் உடம்பிலேயே இருக்க வேண்டும். எந்த நாளும் சோதனைக்கு ஆள் வரலாம். ஒரு இரவுகூட வீடு ஆளில்லாமல் பூட்டிக் கிடக்கக் கூடாது. மூன்றாவதில் விரலை வைத்துக்கொண்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"பதினெட்டு மாசம்தானே," என்றார் அவர். "நீ எங்க போகப்போற?"

உண்மையில் அவள் எங்கும் போகிறவள் இல்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை அக்கா வீடு, அவ்வளவுதான். ஆனால் போகாமல் இருப்பது ஒன்று, போகக்கூடாது என்று இருப்பது வேறொன்று. அந்த வித்தியாசத்தை அப்போது வாய்விட்டுச் சொல்லத் தெரியாமல் கையெழுத்துப் போட்டாள்.

அவர் விமானம் ஏறிய அன்றிலிருந்து சாவி அவள் கழுத்துக் கயிற்றில் தொங்கியது. குளிக்கும்போதும் கழற்றவில்லை. சில வாரங்களில் நெஞ்சுக்குழியில் சாவி அளவுக்கு ஒரு தடம் விழுந்துவிட்டது. ஞாயிறுதோறும் போன் வரும். சாப்பிட்டாயா என்பதற்கும் முன்னால், "எண்ணெய் போட்டியா?" என்பார். ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை மாற்றியதைச் சொல்ல வேண்டும். குழலுக்குள் துணி விட்டு எடுத்ததைச் சொல்ல வேண்டும். முதலில் தொடவே கை கூசியது. பிறகு பழகிவிட்டது. மெருகு போடுவது அவள் தொழில்தானே. அந்த இரும்பும் அவள் கையில் பளபளத்தது.

பஞ்சு வாங்கப் போனாலும், செய்த பல்செட்டைக் கொடுக்கப் போனாலும், வெயில் சாய்வதற்குள் வீடு திரும்பிவிடுவாள். பஸ் தாமதமானால் காசைப் பார்க்காமல் ஆட்டோ பிடிப்பாள். தெருமுனையில் போலீஸ் வண்டி நின்றால் நம் வீட்டுக்குத்தானோ என்று நடை வேகமாகும். அலமாரிக்கு எதிரே படுத்துத் தூங்குவது, அவள் வார்த்தையில் சொன்னால், கடன்காரனை வீட்டில் வைத்துக்கொண்டு தூங்குவதுபோல இருந்தது.

பதினோராம் மாதம் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். ஐந்து மணி நேரப் பயணத் தொலைவில் தனியாக இருக்கிறவள். ஆபரேஷன் ஆனது. இவள் விடிவதற்குள் கிளம்பி, மதியம் இரண்டு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து, அடுத்த பஸ்ஸில் திரும்பினாள். அப்படி மூன்று தடவை. கடைசித் தடவை அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு ராத்திரி தங்கேன்டி. அந்த நர்ஸுகிட்ட பாத்ரூம் போகணும்னு சொல்லவே எனக்குக் கூச்சமா இருக்கு."

"முடியாதுக்கா."

"கைக்குழந்தைக்காரிகூட ஒரு நாள் எங்கயாவது தங்குவா. உன் வீட்டுல மூணும் இரும்பு. பாலா கேக்குது?"

இருவரும் சிரித்தார்கள். பஸ்ஸில் ஏறியதும் சிரிப்பு எங்கோ போய்விட்டது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே ஊர் வந்து சேர்ந்தாள்.

மறுநாள் துப்பாக்கிக் கடைக்குப் போனாள். லைசென்ஸ் உரிமையாளர் எழுதிக்கொடுத்த கடிதம் தூதரக முத்திரையோடு வந்தால் உடனே எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொன்னார். போனில் கணவரிடம் சொன்னாள்.

"தூதரகம் இங்கிருந்து ஆறு மணி நேரம். லீவு தரமாட்டாங்க. பாக்கறேன்."

அடுத்த ஞாயிறும் "பாக்கறேன்." அதற்கடுத்த ஞாயிறு, வேலை இன்னும் ஆறு மாதம் நீளும் என்ற செய்தியும் கூடவே வந்தது. அக்காவை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி தயவில் அவள் கட்டிலைவிட்டு இறங்கினாள், ஏறினாள்.

அந்த வாரத்தில்தான் சோதனைக்கு அதிகாரி வந்தார். மெலிந்த மனிதர், அக்குளில் ஒரு கோப்பு. துப்பாக்கிகளின் எண்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார். குழலை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தார்.

"ரொம்ப சுத்தமா வச்சிருக்கீங்கம்மா. சொந்தக்காரங்களே இப்படி வச்சிக்கிறதில்ல."

"சார், ஒண்ணு கேக்கலாமா? பொறுப்பாளர்ல இருந்து என் பேரை எடுக்கணும்னா என்ன பண்ணணும்?"

அதிகாரி கோப்பை மூடினார். "ஒரு வெள்ளைத் தாள்ல எழுதிக் குடுத்தாப் போதும். நாங்க வந்து எடுத்துட்டுப் போயிடுவோம். எங்க கிடங்குல இருக்கும். ஆனா ஒண்ணு. அவர் திரும்பி வந்து மனு போடணும், விசாரணை நடக்கும். திரும்பக் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்."

ஒரு வெள்ளைத் தாள். கதவு இத்தனை நாளும் இருந்திருக்கிறது. ஆனால் அதைத் திறந்தால் அவருடைய ஞாயிற்றுக்கிழமைகள் போய்விடும். அன்றைக்குச் செய்த பல்செட்டில் வலப்பக்கப் பல்லை இடப்பக்கம் நட்டுவிட்டாள். பத்து வருஷத்தில் முதல் தடவையாக மருத்துவர் திருப்பி அனுப்பினார்.

ஞாயிறு போனில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "அடுத்த ஞாயிறுக்குள்ள கடைக்கு லெட்டர் அனுப்பிடுங்க. இல்லேன்னா நான் எழுதிக் குடுத்துடுவேன்."

"எனக்குன்னு இருக்கிறது அது ஒண்ணுதான்," என்றார்.

"தெரியும். அதனாலதான் ஒரு வாரம் சொல்றேன்."

"நீ பண்ணமாட்ட," என்றார் அவர். கோபமாக இல்லை, அவளைத் தெரிந்தவர் சொல்கிற மாதிரி.

அடுத்த ஞாயிறு, லீவு கேட்டிருப்பதாகச் சொன்னார். திங்கட்கிழமை காலை அவள் தாளை எடுத்து நாலு வரி எழுதினாள். செவ்வாய்க்கிழமை இரண்டு பேர் வந்து மூன்றையும் கான்வாஸ் உறையில் போட்டு எடுத்துப்போனார்கள். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நின்றாள். நிம்மதி வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது பயம்தான்.

அன்று மதியமே அக்கா வீட்டுக்குப் பஸ் ஏறினாள். மூன்று வாரம் தங்கினாள். முதல் சில நாள் சாயங்காலமானால் கை தானாகக் கழுத்துக்குப் போகும். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து செருப்பைத் தேடுவாள். "உட்காருடி, பஸ்ஸெல்லாம் போயாச்சு" என்பாள் அக்கா.

வேலை நீண்டது நீண்டபடி முடிந்து, கிளம்பியதிலிருந்து இரண்டு வருஷம் கழித்து அவர் திரும்பினார். திட்டவில்லை. அதைப்பற்றிப் பேசவே இல்லை; திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. மனு போட்டார். எந்த நாளும் விசாரணைக்குக் கூப்பிடலாம் என்பதால் வெளியூர் வேலைகளுக்குப் போகவில்லை. ஏழு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பரைத் திருப்பித் திருப்பிப் படித்தார். கடைசியில் இரட்டைக்குழல் இரண்டும் வந்தன. ரைஃபிள் வரவில்லை.

துப்பாக்கி வந்த அன்று அவர் பட்டறை வாசலில் வந்து நின்றார். அவள் மெருகுச் சக்கரத்தில் ஒரு மேல்தாடையை வைத்திருந்தாள்.

"நான் தூதரகத்துக்குப் போகவே இல்ல," என்றார். "லீவும் கேக்கல."

அவள் சக்கரத்தை நிறுத்தினாள். "ஏன்?"

"நீ வீட்டுல இருக்கேங்கிற நினைப்பு எனக்கு அங்க தெம்பா இருந்துச்சு. எந்நேரம் யோசிச்சாலும் நீ இங்க இருப்ப." கொஞ்சம் நிறுத்தினார். "துப்பாக்கிக்காக மட்டும் இல்ல."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அவளுக்கு மூச்சை அடைத்தது. அந்த மாதங்களையெல்லாம் இரும்பின்மேல் பழிபோட்டுக் கழித்திருந்தாள். இப்போது யார்மேல் போடுவது? மருத்துவரின் ஆள் பல்செட் வாங்க வந்து மணியடித்தான். அவர் போய்க் கதவைத் திறந்தார்.

அடுத்த வாரம் அவள் அக்கா வீட்டுக்குக் கிளம்பினாள். இந்தத் தடவை மெருகு போடும் சிறிய மோட்டாரையும் மெழுகுப் பெட்டியையும் கூடவே எடுத்துக்கொண்டாள். அவர்தான் பெட்டியைத் தூக்கிவந்து பஸ்ஸில் வைத்தார். எத்தனை நாள் என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.