வெயிலுக்குக் கொடுக்காத முகம்

என் நாத்தனாருக்கு வேலை, சும்மா நிற்பது. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "நின்னுக்கிட்டே இருந்தா யாரு சம்பளம் கொடுப்பா?" என்று என்னையே மடக்குவார்கள். சினிமாவில் கொடுக்கிறார்கள். கதாநாயகி நிற்கப்போகும் இடத்தில், அவள் வருவதற்கு முன்னால், அவள் உயரத்தில், அவள் நிறத்தில் ஒருத்தி நிற்க வேண்டும். அந்த முகத்தில் விளக்கைப் போட்டு, தள்ளி, கூட்டி, குறைத்து, கேமராமேன் வெளிச்சத்தைச் சரி செய்வார். எல்லாம் சரியானதும் "ஷாட் ரெடி" என்று ஒரு குரல் வரும். இவள் விலகிக்கொள்வாள். குடைக்குக் கீழிருந்து கதாநாயகி எழுந்து வந்து அதே இடத்தில் நிற்பாள். யூனிட்டில் இவளுக்குப் பெயர் டூப்பு. சண்டைக்காட்சியில் மாடியிலிருந்து குதிக்கிற டூப் இல்லை, வெளிச்சத்துக்கு நிற்கிற டூப்.

நான் அதே யூனிட்டில் துணிமணி பார்க்கிறவள். இஸ்திரி, ஊசி நூல், கடைசி நிமிடத்தில் காணாமல் போகும் பொத்தான், எல்லாம் என் தலையில். ஒருநாள் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த நாத்தனாரைக் கேமராமேன் பார்த்தார். கதாநாயகியைப் பார்த்தார். மறுபடி இவளைப் பார்த்தார். முகச்சாயல் துளிகூட இல்லை, ஆனால் நிறம் அச்சு அசல். ஒரே துணியில் வெட்டிய இரண்டு துண்டு மாதிரி இருந்தார்கள். அன்றைக்கு நிற்க ஆரம்பித்தவள்தான்.

நிற்பதிலும் ஒரு சுகம் இருக்கிறது என்பாள். கூரையில்லாத அறைகளில் நிற்பாள். ஜன்னலுக்கு வெளியே துணியில் வரைந்த கடல் இருக்கும். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிய எரிய, கன்னத்தில் வெதுவெதுப்பு ஏறி, கண் பாதி சொருகிவிடும். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. "அண்ணி, அந்த நேரத்துல நான் எங்கெங்கயோ போயிட்டு வரேன்" என்பாள். எங்கே என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒருமுறை அந்தத் துணிக்கடலுக்குள் நடந்துபோய் இடுப்பளவு தண்ணீரில் நின்றாளாம். குளிராக இருந்ததாம். "பேய் கீய் பிடிச்சுத் தொலைக்கப்போகுது" என்று திட்டுவேன். ஆனாலும் அவள் நிற்கிற அழகைப் பார்த்து, கையில் இஸ்திரிப்பெட்டி இருப்பதை மறந்து ஒரு சட்டையைக் கருக்கியிருக்கிறேன்.

அப்படிப்பட்டவளுக்கு நிஜக் கடல் வந்தது. அடுத்த படப்பிடிப்பு முழுக்க வெளியூரில், மரம் செடி எதுவும் இல்லாத ஒரு வெள்ளை மணல் கரையில். செய்தி கேட்டு அவள் சிரித்த சிரிப்பு அடங்குவதற்குள் கேமராமேன் கூப்பிட்டார்.

"செட்டு வெளிச்சம் யாரையும் கறுக்க வைக்காது. அங்க வெயில். அவங்க வந்து அஞ்சு நிமிஷம் நிப்பாங்க, நீ நாள் பூரா நிக்கணும். உன் நிறம் துளி மாறினாலும் என் கணக்கு எல்லாம் தப்பாயிடும். அப்புறம் நான் வேற பொண்ணைத்தான் நிறுத்தணும். பார்த்து வச்சிருக்கேன், சொல்லிட்டேன்."

கோபமில்லாமல்தான் சொன்னார். அதுதான் இவளை அதிகமாகக் கலக்கியது. வேலை போனால் வேறு வேலை கிடைக்காமல் போகாது. என் பக்கத்தில் உட்கார்ந்து பொத்தான் தைக்கலாம். ஆனால் அந்த நிற்பது போய்விடும். வெளிச்சம் தன்னைத் தேடிவந்து முகத்தில் உட்காருகிற அந்த ஒரு நேரத்துக்காகத்தான் அவள் காலையில் எழுந்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

அவசரக்குடுக்கை நான். மேக்கப் பெட்டியில் நீச்சல்காரர்கள் பூசுகிற கெட்டியான வெள்ளைக் களிம்பு ஒன்று கிடந்தது. அதை எடுத்துப் பட்டை பட்டையாக அவள் முகத்தில் அப்பிவிட்டேன். ஸ்டுடியோ பின்கட்டில் ஒத்திகை. சாம்பல் பூத்த அந்த முகத்தை வைத்துக் கேமராமேன் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போனார். பிறகு கதாநாயகி வந்து நின்றாள். நட்ட நடு மதியத்தில் அவள் முகத்தில் மட்டும் பொழுது சாய்ந்துவிட்டது.

"மூஞ்சியில என்ன பூசியிருக்கே, சுண்ணாம்பா?" என்று தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். வெயிலைத் தடுக்கிறது என்று பூசிய களிம்பே வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது.

மறுநாள் இருவரும் மருந்துக்கடைக்குப் போனோம். கவுன்டரில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண். நாங்கள் சன்ஸ்கிரீன் என்று சொல்லி வாயை மூடவில்லை, அதற்குள் பளிச்சென்று ஆக்கும், வெளுக்க வைக்கும் என்று ஒரு வரிசையையே எடுத்து வைத்துவிட்டாள்.

"எனக்கு வெளுக்க வேண்டாங்க" என்றாள் டூப்பு.

"அப்போ கறுக்காம இருக்கணுமா?"

"கறுக்கவும் வேண்டாம், வெளுக்கவும் வேண்டாம். இப்போ எப்படி இருக்கேனோ அப்படியே இருக்கணும்."

கடைக்காரப் பெண் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு இவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இத்தனை வருஷத்துல இப்படிக் கேட்டு யாரும் வந்ததில்லைங்க" என்றாள். அப்புறம் அவளுக்கே ஒரு வேகம் வந்துவிட்டது. வெள்ளை பூக்கக்கூடாது, சாயம் கலந்திருக்கக்கூடாது, எண்ணெய் வழிகிற மாதிரி மினுங்கவும் கூடாது என்று நாங்கள் சொல்லச் சொல்ல, அலமாரியின் மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரை துழாவினாள். கடைசியில் ஒரு டியூபை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினாள்.

"எஸ்.பி.எஃப். ஐம்பது. அந்த நம்பர் மட்டும் பார்த்து ஏமாறாதீங்க. அது தோல் பொசுங்காம காக்கிறதுக்குத்தான் கணக்கு. கறுக்க வைக்கிறதுல இன்னொரு கதிருக்கும் பங்கு உண்டு. ரெண்டையும் தடுக்கும்னு இதுல போட்டிருக்கு, பாருங்க. வேர்வையையும் தண்ணியையும் கொஞ்ச நேரம் தாங்கும். வாங்கின உடனே மூஞ்சியில போடாதீங்க. முழங்கையோட உள்பக்கம் ரெண்டு நாள் தடவிப் பாருங்க, அரிச்சா திரும்பக் கொண்டாங்க."

டூப்பு புறங்கையில் ஒரு சொட்டு வைத்துத் தேய்த்தாள். வாசலுக்கு ஓடிப்போய்ப் பகல் வெளிச்சத்தில் பார்த்தாள். பூசிய இடம் எது, பூசாத இடம் எது என்று எனக்குத் தெரியவில்லை.

"சிக்கனம் பார்த்துத் தொட்டு வச்சா பிரயோஜனம் இல்லை" என்றாள் கடைக்காரப் பெண். "ரெண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கினாத்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் காணும். காதை மறந்துடாதீங்க. வெயிலுக்குப் போற கால்மணி நேரத்துக்கு முன்னாடியே போட்டுடுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் திரும்பப் போடணும். அப்படியும் எந்தக் களிம்பும் வெயிலை முழுசா நிறுத்தாது. நிழல் கிடைக்கிறப்போ நிழலுக்குப் போயிடணும்."

கரைக்குப் போய்ச் சேர்ந்தோம். எங்கே பார்த்தாலும் வெள்ளை. வானம் எங்கே முடிந்து தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. தூரத்தில் நடக்கிறவர்கள் மணலுக்கு ஒரு முழம் மேலே மிதப்பது போலத் தெரிந்தார்கள். விளக்குக்காரர்களின் பேச்சு காற்றில் பாதி வழியிலேயே கரைந்துபோனது. அதன் நடுவில் டூப்பு நின்றாள், கேமராவைப் பார்த்து, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. பார்க்க ஆசைப்பட்ட கடல் நாள் முழுக்க அவளுக்குப் பின்னால் இரைந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்க்க அனுமதி இல்லை. "பரவாயில்லை அண்ணி, காதால பாக்குறேன்" என்றாள். நிற்கும்போது காலுக்கடியில் மணல் மெல்ல நகருமாம். "நான் எங்கயும் போகல, கடல்தான் என்னை எங்கயோ கூட்டிக்கிட்டுப் போகுது" என்பாள்.

நான் கனவு காணவில்லை, காவல் காத்தேன். வேனுக்குள் வைத்தால் சூட்டில் கெட்டுவிடும் என்பதால் டியூபை ஈரத்துணியில் சுற்றி என் துணிப்பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். நேரம் ஆனதும் கொண்டு ஓடுவேன். பிரேக் விடாவிட்டால் அவள் அசையாமல் நிற்க, நானே கழுத்திலும் காதிலும் தாடைக்கு அடியிலும் தடவுவேன். மணலும் தண்ணீரும் வெயிலைக் கீழிருந்து திருப்பியடிக்கும் என்பதை முதல் நாள் மாலையில் என் தாடையே எரிந்து காட்டிக்கொடுத்திருந்தது. "துணிக்காரம்மா, வெளிச்சத்தை மறைக்காதீங்க" என்று கேமராமேன் கத்துவார். "ஒரு நிமிஷம் சார், தேய்ஞ்சா போயிடும் உங்க வெளிச்சம்?" என்று நானும் விடமாட்டேன். விளக்கு மாற்றும் சிறு இடைவெளியில்கூட அவள் தலைக்கு மேல் குடையும் தொப்பியும் வந்துவிடும். அவள் நிறம் அப்படியே நின்றது.

நடுவில் ஒருநாள் விடுமுறை. கதாநாயகி தோழிகளோடு படகில் போனாள். நல்ல பெண்தான், கெட்ட எண்ணம் கிடையாது. காலையில் ஒருதரம் பூசிக்கொண்டதே போதும் என்று நினைத்துவிட்டாள். நாள் முழுக்க நீந்தியிருக்கிறாள்.

மறுநாள், பாதி எடுத்திருந்த காட்சியின் மீதிப் பாதி. கரையில் நின்று ஒருத்தி யாரையோ எதிர்பார்க்கிறாள், அவ்வளவுதான் காட்சி. டூப்பு நின்றாள், வெளிச்சம் சரியானது, "ஷாட் ரெடி" என்றார்கள். கதாநாயகி வந்து நின்றாள். மானிட்டரைப் பார்த்த கேமராமேன் கண்ணைக் கசக்கிக்கொண்டார்.

"ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல நில்லுங்க."

இத்தனை காலத்தில் அவர்கள் ஒரே வெளிச்சத்தில் சேர்ந்து நின்றதே இல்லை. ஒருத்தி வந்தால் மற்றவள் போய்விடுவாள். இப்போது நின்றார்கள். கதாநாயகி செம்புப்பாத்திரம் போலக் கன்றியிருந்தாள், மூக்கு நுனியில் தோல் உரிந்திருந்தது. யூனிட் மொத்தமும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தது.

டைரக்டர் அலுப்போடு சொன்னார். "இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? டூப்பைக் கொஞ்ச நேரம் வெயில்ல உட்கார வைங்க. ரெண்டு பேரும் ஒண்ணாயிடுவாங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. இவள் முகம் என்ன, வாட்டி எடுக்கிற சோளக்கதிரா? வாயைத் திறந்தேன். அதற்குள் அவளே பேசிவிட்டாள். படப்பிடிப்பில் யாராவது ஏதாவது கேட்டால்தான் பேசுகிறவள் அவள்.

"வேண்டாம் சார். மாறினது நான் இல்ல."

வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

கேமராமேன் விடுமுறைக்கு முன்னால் எடுத்ததை மானிட்டரில் ஓடவிட்டார். அதில் இருந்த கதாநாயகியைப் பார்த்தார், எதிரில் நின்ற டூப்பைப் பார்த்தார். "இவளை வெயில்ல உட்கார வச்சா ரெண்டு பேருமே தப்பாயிடுவாங்க" என்றார் மெதுவாக. பிறகு மேக்கப்மேனைத் திரும்பிப் பார்த்தார். "இவளைப் பார்த்து அவங்களை சரி பண்ணு."

கதாநாயகியின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டார்கள். மேக்கப்மேன் டூப்பின் கன்னத்தருகே மேக்கப் தட்டைப் பிடித்து, குழைத்து, பார்த்து, மறுபடி குழைத்து, அந்த நிறத்தைக் கதாநாயகிக்குப் பூசினார். நல்ல வெளிச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். பூசி முடித்ததும் கதாநாயகி கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள்.

"நாம ரெண்டு பேரும் இவ்வளவு ஒரே மாதிரியா இருக்கோம்?"

"இப்போதாம்மா ஆயிருக்கீங்க" என்றார் மேக்கப்மேன்.

வெளிச்சம் சரி செய்தாயிற்று. வழக்கம்போல விலகிப் போகத் திரும்பினாள் டூப்பு. "போகாதே" என்றார் கேமராமேன். "என் பக்கத்துல நில்லு. உன்னைப் பார்த்துப் பார்த்துத்தான் இன்னைக்கு எடுக்கணும்."

அவள் கேமராவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். முதல்முறையாக எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தாள். அவள் நிற்கிற இடத்தில், அவள் நிறத்தில் ஒருத்தி. அவளைச் சுற்றிலும் வெயில். பின்னால் அத்தனை பெரிய கடல்.

ஷாட் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற என் காதோரம் குனிந்து, மூச்சுக்காற்றில் கேட்டாள். "அண்ணி, நான் நிக்கிறப்போ இப்படியா இருக்கும்?"

கட் சொல்லும்வரை வாயைத் திறக்க முடியாது. அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கட் விழுந்ததும் சொன்னேன்.

"இதைவிட நல்லா இருக்கும்டி. நான் தினமும் பாக்குறேனே."