கருவிழியில் ஒரு வெள்ளைப் புள்ளி

பலெர்மோவில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்கிறேன். ஆவியில் கண்ணாடி மங்கிவிடுகிறது என்று லென்ஸ் போடத் தொடங்கினேன். அலுப்பில் அதைக் கழற்றாமலே தூங்கிய நாட்கள் பல. கழுவும் மருந்து தீர்ந்தபோது குழாய்த் தண்ணீரில் அலசியதும் உண்டு.

ஒரு திங்கட்கிழமை காலை வலது கண்ணைத் திறக்க முடியவில்லை. மணல் விழுந்ததுபோல் உறுத்தியது. வெளிச்சம் பட்டால் கண்ணீர் கொட்டியது. தூசியாக்கும் என்று வேலைக்குப் போய்விட்டேன். மறுநாள் கருவிழியில் அரிசிக்குறுணி அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. அதைக் கண்டது மனைவி. வயதான ஓர் இத்தாலிய அம்மாவைப் பராமரிக்கும் வேலை அவளுக்கு. அன்று வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு, பஸ்ஸில் ஏற்றி என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டொக்டர் மருந்து விட்டுக் கண்ணை விறைக்கப்பண்ணி, சிறு கத்தியால் புள்ளியைச் சுரண்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார். பிறகு மனைவியிடம் நெடுநேரம் கதைத்தார். என் இத்தாலியன் சமையலறை வாசலோடு நின்றுவிடும். அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"என்னவாம்?" என்றேன்.

"கிருமி தொத்தியிருக்காம். மருந்து விட்டால் மாறிவிடுமாம். பயப்பிட ஒண்டுமில்லையாம்."

ஆனால் டொக்டரின் பேச்சில் 'சியெக்கோ' என்ற சொல் வந்தது. பல்லரோ சந்தைக்கு வெள்ளைத் தடியோடு வரும் கண் தெரியாத ஒருவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நான் மேலே கேட்கவில்லை.

இரண்டு போத்தல் மருந்து. இரவு பகல் பாராமல் மணிக்கொரு தடவை விடவேண்டும். ஒன்று விட்டு ஐந்து நிமிடம் கழித்து மற்றது. நெருப்பாக எரியும். மனைவி போனில் அலாரம் வைத்து, ஒரு தடவையும் தப்பவிடாமல் விட்டாள். மூன்றாம் நாள் கேட்டேன்.

"உண்மையைச் சொல்லும். கண் போயிடுமெண்டோ சொன்னவர்?"

அவள் போத்தலைக் குலுக்கினாள்.

"போகலாமெண்டு சொன்னவர். போகுமெண்டு சொல்லேல்லை. தலையை நிமித்துங்கோ."

எனக்குக் கோபம் வரவில்லை. நிமிர்ந்தேன்.

பரிசோதனை முடிவில், தண்ணீரில் வாழும் பக்டீரியா என்று தெரிந்தது. விட்ட மருந்துக்கு அது அடங்கியது. புள்ளி பரவாமல் நின்று, மெல்லச் சுருங்கியது. ஆறிய தழும்பு மட்டும் நடுவில் தங்கிவிட்டது. இடது கண்ணை மூடினால், எதிரே நிற்பவர் யாரென்று குரலை வைத்துத்தான் சொல்வேன். கருவிழி மாற்றலாம் என்கிறார் டொக்டர். இன்னும் முடிவெடுக்கவில்லை.