வெண்கட்டிப் பெட்டியில் விழுந்த கேள்வி

கெலிஓயாவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞான ஆசிரியையாக நான் போனபோது, பதினோராம் தரத்துப் பாடப்புத்தகங்களில் சில பக்கங்கள் ஸ்டேப்லர் கம்பி அடித்து மூடப்பட்டிருந்தன. மனித இனப்பெருக்கம். எனக்கு முன்பு அந்தப் பாடத்தை எடுத்த சேர், ஓய்வுபெறும்வரை ஒவ்வொரு வருஷமும் தன் கையாலேயே கம்பி அடித்துக் கொடுத்தாராம். "வீட்டில வாசிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குத் தாவிவிடுவாராம்.

ஒரு புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். கம்பி போட்ட இடத்தில் எண்ண முடியாத ஓட்டைகள். கழற்றுவதும் வாசிப்பதும் திரும்ப அடித்து வைப்பதுமாக எத்தனையோ கைகள் உழைத்திருக்கின்றன. மற்ற அத்தியாயங்கள் எல்லாம் கசங்காமல் புத்தம் புதிதாக இருந்தன.

கம்பிகளைப் பிடுங்கிவிட்டேனே தவிர, நானும் ஒன்றும் பெரிய தைரியசாலி இல்லை. எனக்குக் கல்யாணமாகி ஏழு மாதம்தான். வத்தேகமவில் எங்கள் வீட்டுக் கண்ணாடியின் முன் நின்று பாடத்தைச் சொல்லிப் பழகினேன். தேநீர் கொண்டுவந்த கணவர், நான் கண்ணாடியைப் பார்த்து "விந்தணு, விந்தணு" என்று உரக்கச் சொல்வதைக் கேட்டுவிட்டு, கோப்பையோடு அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

வகுப்பில் படம் வரைந்து முடித்து, "கேள்வி இருந்தா கேளுங்க" என்றேன். பையன்கள் கூரையைப் பார்த்தார்கள். பெண்பிள்ளைகள் மேசைக்கடியில் எதையோ தேடினார்கள். அன்றைக்கே ஒரு வெறும் வெண்கட்டிப் பெட்டியில் துளை போட்டு, வராந்தா ஜன்னலில் வைத்தேன். "பேர் எழுத வேணாம். கேள்விய மட்டும் போடுங்க" என்றேன்.

முதல் நாள் விழுந்ததில் பாதி, "டீச்சர், உங்கட லவ் மெரேஜா?" என்பதுதான். மீதிப் பாதி உண்மையான கேள்விகள். குரல் ஏன் திடீரென்று தகரம் மாதிரி ஆகிறது, மாதவிடாய் நேரத்தில் தலைக்குக் குளித்தால் பைத்தியம் பிடிக்குமா. ஒவ்வொன்றாக வாசித்துப் பதில் சொன்னேன். முதலில் சிரித்தார்கள், பிறகு கேட்டார்கள்.

நான்காம் நாள் ஒரு மாணவியின் தகப்பன் ஒபிசுக்குப் போன் எடுத்துச் சத்தம் போட்டிருக்கிறார். உதவி அதிபர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தமிழ்ப் பாடம் எடுக்கும் கண்டிப்பான அம்மா. அவருடைய செருப்புச் சத்தம் கேட்டாலே கன்டீன் அமைதியாகிவிடும்.

"புள்ளைகளுக்கு என்னத்த டீச்சர் படிச்சுக் குடுக்கிறீங்க?"

"புத்தகத்துல இருக்கிறதத்தான் மேடம்."

"நாளைக்கு நானே வந்து பாக்கிறேன்."

சொன்னபடி வந்து, கடைசி வரிசைக்குப் பின்னால் கதிரை போட்டு உட்கார்ந்தார். நான் பயந்து பயந்து பெட்டியைத் திறந்தேன். மூன்றாவது காகிதத் துண்டு மடிப்புக் கலையாமல், மை பேனாவால் எழுதப்பட்டிருந்தது.

"நாற்பத்தொன்பது வயதுடைய பெண்ணொருவருக்குத் திடீரென உடல் தணலாய்ச் சுடுவதற்கும், காரணமின்றிக் கோபம் மேலிடுவதற்கும் காரணம் யாது? இது நோயா?"

ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. அந்த வகுப்பில் தன் பெயரைக்கூடப் பிழையில்லாமல் எழுதுபவர்கள் குறைவு. பின்வரிசைப் பக்கம் பார்த்துவிடக் கூடாது என்று கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் ஓரக்கண்ணில் தெரிந்தது. கொப்பியால் விசிறிக்கொண்டிருந்த அவருடைய கை நின்றுவிட்டது.

மாதவிடாய் நிற்கும் காலத்தைப் பற்றி விளக்கினேன். சிலபஸில் இருப்பதைவிட அதிகமாகவே சொன்னேன். நோயில்லை, ஹோர்மோன் மாற்றம், கஷ்டமாக இருந்தால் டொக்டரிடம் காட்டலாம், வீட்டில் உள்ளவர்கள்தான் கொஞ்சம் பொறுத்துப் போக வேண்டும்.

முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்தான். "அப்ப உம்மா என்னய ஏசுறது ஹோர்மோனாலயா டீச்சர்?"

"வீட்டுப்பாடம் செய்யாட்டி எந்த வயசிலயும் ஏசத்தான் செய்வாங்க. இரு!" பின்னாலிருந்து உதவி அதிபரின் குரல்.

வகுப்பு ஒரு விநாடி நம்பாமல் திகைத்து, பிறகு வெடித்துச் சிரித்தது. அவர் பகிடி விட்டதை அந்தப் பள்ளிக்கூடம் அதுவரை கேட்டதில்லை.

மணி அடித்ததும் வராந்தாவில் என்னை நிறுத்தினார். "படிச்சுக் குடுங்க. அந்தத் தகப்பனோட நான் கதைக்கிறேன்." இரண்டடி நடந்து திரும்பினார். "நித்திரை வராம ஈக்கிறதும் இதாலதானா?"

"ஆமா மேடம்."

"எனக்குத் தெரிஞ்ச ஒராளுக்குத்தான் கேட்டேன்."

"வெளங்குது மேடம்" என்றேன், முகத்தை முடிந்தளவு விஞ்ஞானமாக வைத்துக்கொண்டு.

தகப்பனோடு என்ன கதைத்தாரோ, அதற்குப் பிறகு அந்த மனிதர் ஒபிசுக்குப் போன் எடுக்கவேயில்லை. எனக்கோ குறும்பு தலைக்கேறிவிட்டது. ஆசிரியர் அறை அலுமாரியின் மேலேயும் ஒரு பெட்டி வைத்தேன். ஒரு கிழமையில் அது நிறைந்துவிட்டது. மூன்று கேள்விகளுக்கு எனக்கே பதில் தெரியவில்லை. பேராதனையில் தாதியாக இருக்கும் தோழிக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினேன்.

மூன்றாவதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

"ஏய், இது எத்தனாம் கிளாஸ் புள்ளைங்கடி?" என்றாள்.