தலைவரின் வெறுங்கால்

எங்கள் விளையாட்டுக் கழகத் தலைவர் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்ததும் முதல் வேலையாகச் செருப்பைக் கழற்றிவிடுவார். பெருவிரலில் நகமே இல்லாத, காய்த்துப்போன கால்கள். செட்டிகுளம், புளியங்குளம், முல்லைத்தீவு என்று கூப்பிட்ட ஊருக்கெல்லாம் வெறுங்காலோடு உதைபந்தடித்துவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளில் அக்கராயனில் எங்களுக்குத் தலைவரானவர். அவரை மறுத்து யாராவது பேசினால் முகம் சிரித்தபடியே இருக்கும். மேசைக்குக் கீழே உதை விழும். ஒருநாள் பொருளாளரின் கணைக்காலில் தோல் கிழிந்து வேட்டியில் இரத்தம் ஊறியது. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அன்று கூட்டம் கலைந்தபின் அவரை மறித்தேன்.

"பத்து வருசத்துக்கு முந்திப் பந்தடிக்கேக்கை என்ரை காலை முறிச்சது நீங்கள்தான். ஞாபகம் இருக்கோ?"

குனிந்து, என் கோணல் காலை அக்கறையோடு தடவிப் பார்த்தார்.

"அண்டைக்கு நான் எந்த ஊருக்கு விளையாடினனான், தம்பி?"

"புளியங்குளத்துக்கு."

"அப்ப நாங்கள் வெண்டிருப்பமே?"

"ஓம்," என்றேன். வென்றுதான் இருந்தார்கள்.

என் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்த ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் அவரையே மறுபடி தலைவராக்க முதலில் கையை உயர்த்தியவன் நான்தான். பயத்தில் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. ஆனால் கை மேலே போனபோது, என் கால்கள் இரண்டும் நான் உட்கார்ந்திருந்த கதிரைக்கு அடியில் ஒடுங்கிப்போயிருந்தன.