மண்ணெண்ணெய் குடித்த தரை

"நிக்கட்டும்னு பேரு வச்சா மனுஷன் ஒரு இடத்துல நின்னுருவானா?"

மாடிப்படியில் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்த புருல், எதிர்வீட்டுக்காரனான என்னிடம் இப்படிக் கேட்டாள்.

அவள் கணவன் தோக்தோசுன். அந்தப் பெயருக்கே 'நிற்கட்டும்' என்றுதான் பொருள். அவனுக்கு முன் பிறந்ததெல்லாம் தொட்டிலிலேயே போய்விட்டதால் அப்படி வைத்தார்கள். பிள்ளை நின்றது. வளர்ந்தபின் எந்த இடமும் அவனை நிறுத்தி வைத்துக்கொள்ளவில்லை. கொடும்பனியில் அப்பாவின் மந்தை செத்ததும் மலையிலிருந்து பிஷ்கெக் நகரத்துக்கு வந்து டைல்ஸ் வேலையில் சேர்ந்தான். கல்யாணத்துக்குப் பிறகும் வாடகை அறை மாற்றுவதே பிழைப்பாக இருந்தது. கடைசியாகக் காலிபா அக்கா வீட்டின் பின்னறைக்கு வந்தபோது புருல் கர்ப்பமாக இருந்தாள்.

"சமையலறைத் தரைக்கு டைல்ஸ் போட்டுக் குடு தம்பி. பனிக்காலம் முடியுற வரைக்கும் இங்கயே இருங்க, பிள்ளையும் இங்கயே பொறக்கட்டும்," என்றாள் காலிபா அக்கா. "ஆனா வெள்ளிக்கிழமை எம் பொண்ணு கல்யாணத்தைப் பேச சம்பந்தி வீட்டுக்காரங்க விருந்துக்கு வர்றாங்க. அதுக்குள்ள முடிக்கணும்."

தரையில் ஒட்டியிருந்த பழைய விரிப்பை உரித்ததும் அடியில் கருப்புப் பசை, அடிப்பிடித்த சட்டிபோல இறுகிக் கிடந்தது. கல் தெரியும்வரை சுரண்டுவதுதான் மேஸ்திரிகளின் வழக்கம். தோக்தோசுன் நாளெல்லாம் மண்டியிட்டுச் சுரண்டினான். ஒரு சாப்பாட்டு விரிப்பு அகலத்துக்குத்தான் கல் தெரிந்தது.

"இன்னும் நாளாகும் அக்கா."

"விருந்தைத் தள்ளிப்போட்டா கல்யாணமே தள்ளிப்போயிரும். இதுகூடத் தெரியாதாடா மலைக்காட்டானே?"

அவனுக்குத் தெரியும். சீக்கிரம் முடிக்க வழி தேடியபோது அப்பா நினைவுக்கு வந்தார். ஆட்டு முதுகில் வைத்த தார் அடையாளத்தை அவர் மண்ணெண்ணெய் தொட்டு எடுப்பார். தோக்தோசுன் ஒரு கேன் வாங்கி வந்து தரையில் ஊற்றினான். பசை வெண்ணெயாக இளகியது. கந்தலால் வழித்தெடுத்து, சோப்புத்தண்ணீர் விட்டுக் கழுவினான்.

"பாத்தியா, தரை பளிச்சுனு இருக்கு!"

"வாசம் போகலியேங்க. தரை குடிச்சிருக்குமோ?"

"உன் மூக்கு இப்ப ரெண்டு பேருக்குச் சேத்து மோந்து பாக்குது," என்று சிரித்தான்.

டைல்ஸ் வரிசை தப்பாமல் அமைந்தது. வியாழக்கிழமை விரலால் தட்டிப் பார்த்தான். சில இடங்களில் 'தொம்' என்றது. அடியில் ஒட்டாத டைல்தான் அப்படிச் சத்தம் போடும் என்று அவனுக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை. இடுக்குகளைப் பூசி மூடினான்.

விருந்தன்று சம்பந்தி கை கழுவ எழுந்து வந்தார். கனத்த ஆள். அவர் காலடியில் ஒரு டைல் ஊஞ்சல்போல ஆடியது. பின்னால் வந்த காலிபா அக்கா தடுமாற, கையிலிருந்த கறிச்சாறு அவர் மேலேயே கொட்டியது. அவர் குனிந்து டைலைத் தூக்கினார். அது அப்படியே கையோடு வந்தது. அதன் முதுகில் சிமெண்ட் பசை கட்டியாக இருந்தது. தரையில் ஒரு பொட்டுகூட ஒட்டவில்லை.

"ஒட்டறதுக்குப் போட்டதா, கழட்டறதுக்குப் போட்டதா?" என்றார் சம்பந்தி. எல்லோரும் சிரித்தார்கள். காலிபா அக்காவும் சிரித்தாள். விருந்தாளிகள் போனபின் சிரிப்பை நிறுத்தினாள்.

"வேற இடம் பாத்துக்கோ தம்பி."

"எல்லாத்தையும் எடுத்துட்டு மறுபடி சுரண்டிப் போட்டுத் தர்றேன்க்கா. அவளப் பாருங்க, இந்த நிலைமையில..."

"சுரண்டினா குடிச்சது வெளிய வருமா?"

வராது. கல்லுக்குள் இறங்கிய எண்ணெயை எந்தச் சுரண்டியும் எடுக்காது; அது இருக்கும்வரை சிமெண்ட் ஒட்டாது. தரையையே கொத்த வேண்டும்.

மறுநாள் முதல் பனி விழுந்தது. வண்டி பிடிக்கப் போன கணவனுக்காகப் புருல் படியில் காத்திருந்தாள். அப்போது கேட்டதுதான் அந்தக் கேள்வி. பிள்ளை எந்தக் கூரையின் கீழ் பிறந்தது, அதற்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பின்னறை பூட்டியே கிடக்கிறது. சமையலறையில் மண்ணெண்ணெய் வாசம் இன்னும் அடிக்கிறது.

பழைய பசையின் மேல் புதுத்தரை போடப்போகிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், இதை அவர்களிடம் சொல்லுங்கள். அவர்கள் இன்னொருவரிடம் சொல்லட்டும். தோக்தோசுனிடம் யாரும் சொல்லவில்லை.