ஐது, எண்ட்டு, எண்ட்டு: அல்சூரிலிருந்து தங்கவயலுக்கு மின்சாரக் காரில்

போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் என் மனைவி ஸ்டெல்லாவும் பெங்களூர் அல்சூரிலிருந்து கோலார் தங்கவயலுக்குக் காரில் போய் வந்தோம். ஒரு வழிக்குச் சுமார் நூறு கிலோமீட்டர். ஸ்டெல்லாவின் தங்கை பிலோ அங்கே ராபர்ட்சன்பேட்டையில் இருக்கிறாள். அவள் மகளுக்கு அன்று புது நன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். பூசை காலை ஒன்பதரைக்கு. மின்சாரக் காரில் இந்தப் பாதையில் போக நினைக்கிறவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுத ஆரம்பித்தேன். எழுதும்போது வேறு சில விஷயங்களும் சேர்ந்துகொண்டன. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஸ்டெல்லாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அல்சூருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்புக்குக் கன்னட டீச்சர். வீட்டில் தமிழ் பேசுகிறவள் கன்னடம் சொல்லிக்கொடுக்கிறாளா என்று திருப்பத்தூரிலிருந்து வரும் என் உறவினர்கள் வாயைப் பிளப்பார்கள். தங்கவயலில் பிறந்து கன்னட மீடியத்தில் படித்தவளுக்கு அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. போன வருஷம் அவளுக்கு லேசான பக்கவாதம் வந்தது. நடை திரும்பிவிட்டது, வலது கை முக்கால்வாசி திரும்பிவிட்டது. பேச்சுதான் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. தலைக்குள் எல்லாம் தெளிவாக இருக்கிறது, நாக்கு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஒவ்வொரு சொல்லாக, இடைவெளி விட்டு, குழைந்து வரும்.

நான் இதற்கு நேரெதிர். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு வேலை. மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே பழகியவன், பேச ஆரம்பித்தால் தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றும் ஒரே பஸ்ஸில் ஏறி முண்டியடிக்கும். போதாததற்கு எனக்குக் கருவிப் பைத்தியம். ஃபோனில் அணைக்கிற பிளக், தானாகத் தரையைக் கூட்டுகிற வட்ட மெஷின், பேசினால் விளக்கை அணைக்கிற ஸ்பீக்கர் என்று வீடு முழுக்க வாங்கி வைத்திருக்கிறேன். ஒவ்வொன்று வரும்போதும் "இன்னொரு டப்பாவா?" என்பாள் ஸ்டெல்லா. அந்த ஸ்பீக்கரை அவளுக்குப் பேச்சுப் பயிற்சியாக இருக்கும் என்று நினைத்துத்தான் வாங்கினேன். அவள் விளக்கை அணைக்கச் சொல்வாள், அது புரியவில்லை என்று இங்கிலீஷில் மரியாதையாக மன்னிப்புக் கேட்கும். மறுபடி சொல்வாள், மறுபடி மன்னிப்பு. ஒரு வாரம் பொறுத்துவிட்டு ஒருநாள் வயரைப் பிடுங்கி, அரிசி டிரம்முக்குப் பின்னால் போட்டுவிட்டாள். நான் அதை எடுக்கப் போகவில்லை. எனக்கே அந்த மன்னிப்பைக் கேட்டுக் கேட்டு வெறுத்துப்போயிருந்தது.

பள்ளியில் நல்லவிதமாகத்தான் நடந்துகொண்டார்கள். ஜூனில் வருகிறாளா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள், புது ஆளைப் பார்க்க வேண்டும் என்று ஹெச்.எம். ரோஸி மேடம் கேட்டிருந்தார். சனிக்கிழமை மாலை ஸ்டெல்லா என்னிடம், "வேணாம்னு... நீங்களே... சொல்லிடுங்க" என்றாள். ஊருக்குப் போனாலும் யாரிடமும் பேச மாட்டாளாம், கேட்பவர்களுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டுமாம். சரி என்றேன். 

இனி பயணம். எங்கள் கார் செகண்ட் ஹாண்டில் வாங்கிய சின்ன மின்சாரக் கார். முழு சார்ஜில் நூற்றெண்பது கிலோமீட்டர் ஓடும். விளம்பரத்தில் போட்டிருந்த கணக்கை விடுங்கள். இரவு முழுக்கச் சார்ஜ் ஏறட்டும் என்று என் அருமை ஸ்மார்ட் பிளக்கில் மாட்டிவிட்டுப் படுத்தேன். நடுவில் கரண்ட் போய் வந்திருக்கிறது. கரண்ட் திரும்பியது, பிளக் திரும்பவில்லை. இந்த வகைப் பிளக்குகள் கரண்ட் போய் வந்தால் அணைந்த நிலையிலேயே இருக்கும், செட்டிங்கில் மாற்ற வேண்டும் என்பதை அன்று காலை ஐந்து மணிக்குத்தான் கற்றுக்கொண்டேன். நாற்பத்துநான்கு சதவீதம். ஸ்டெல்லா திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "டப்பா" என்றாள். அந்தச் சொல் மட்டும் அவளுக்குத் தடங்கலே இல்லாமல் வரும்.

ஐந்தே முக்காலுக்குக் கிளம்பினோம். கே.ஆர். புரத்தில் இருக்கும் சார்ஜரில் போட்டுக்கொள்ளலாம் என்று கணக்கு. அங்கே டாக்ஸிகள் வரிசையாக நின்றன. கடைசி வண்டிக்காரர் தர்மபுரிக்காரர், கண்ணாடியை இறக்கி, "இங்க நின்னீங்கன்னா பூசை முடிஞ்சி பந்திக்குத்தான் போவீங்க சார். ஹொஸ்கோட்டேல ஒண்ணு காலியா கீது, அங்க போயிடுங்க" என்றார். பூசைக்குப் போகிறோம் என்று அவருக்கு எப்படித் தெரியும் என்று யோசித்துவிட்டுப் பார்த்தால், பிலோ மகளுக்காக ஸ்டெல்லாவின் மடியில் இருந்த மல்லிகைப் பூ கிரீடமும் மெழுகுத்திரியும் காட்டிக்கொடுத்திருக்கின்றன.

ஹொஸ்கோட்டே சார்ஜர் காலியாகத்தான் இருந்தது, உயிர் இல்லாததால். திரை கறுப்பு. அங்கிருந்து புது விரைவுச் சாலை பிரிகிறது. அந்தப் பக்கம் என் செயலியில் சார்ஜர் எதுவும் காட்டாததால் பழைய கோலார் சாலையையே பிடித்தேன். ஏ.சி.யை அணைத்து, ஜன்னலைத் திறந்து, அறுபதைத் தாண்டாமல் ஓட்டினேன். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டினார்கள். ஒரு டிராக்டர்கூடத் தாண்டியது, அதைப் பற்றி நான் பேச விரும்பவில்லை. காலை வெளிச்சத்தில் தக்காளி ஏற்றிய வண்டிகள் கோலார் சந்தைக்கு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. காற்று குளிர்ச்சியாக இருந்தது. சார்ஜ் இருந்திருந்தால் அருமையான பயணம்.

எட்டு மணிக்குக் கோலாரை அடைந்தபோது ஏழு சதவீதம். ஒரு ஓட்டலுக்குப் பக்கத்தில் சார்ஜர், திரையில் வெளிச்சம், பக்கத்தில் வேறு வண்டி இல்லை. துப்பாக்கி மாதிரி இருக்கும் அதன் பிளக்கைக் காரில் மாட்டினேன். 'பழுது, உதவி எண்ணை அழையுங்கள்' என்றது. இங்கே நின்றுவிட்டால் பூசை போயிற்று. மெழுகுத்திரியும் கிரீடமும் எங்களிடம் இருக்கின்றன, பிள்ளை அங்கே வெறுந்தலையோடு நிற்கும்.

உதவி எண்ணை அழைத்தேன். பட்டனை அழுத்தச் சொல்லும் காலம் போய், இப்போது பேசச் சொல்கிறார்கள். எடுப்பது மனிதன் இல்லை, குரல் மட்டும். சார்ஜர் மேல் எழுதியிருக்கும் எண்ணைச் சொல்லுங்கள் என்றது. எண் 588317. நான் இங்கிலீஷில், "ஃபைவ், டபுள் எய்ட், த்ரீ ஒன் செவன்" என்றேன். டபுள் என்ற எண்ணை அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது. புரியவில்லை என்றது. மூன்று முறை புரியாமல் போனதும் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

இரண்டாவது முறை கன்னடத்தைத் தேர்ந்தெடுத்தேன். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. தொழிற்சாலையில் நாள் முழுக்கக் கன்னடம் பேசுகிறவன், எனக்கென்ன? இங்கேதான் மாட்டிக்கொண்டேன். இந்த ஊரில் எங்களைப் போன்றவர்கள் சண்டை போடுவது கன்னடத்தில், ஆபீசில் பேசுவது இங்கிலீஷில், ஆனால் எண்ணுவது மட்டும் தமிழில். "ஐது, எட்டு, எட்டு, மூணு..." என்று வந்தது வாயில். கன்னடத்தில் எட்டுக்கு எண்ட்டு, மூணுக்கு மூரு. எனக்குத் தெரியாதா? தெரியும். அவசரத்தில் வராது. "க்ஷமிசி, அர்த்த ஆகலில்லா" என்று, புரியவில்லையென மன்னிப்புக் கேட்டது குரல். வீட்டு டப்பாவின் அதே மரியாதை. மறுபடி சொன்னேன், இன்னும் வேகமாக, இன்னும் சத்தமாக. "எட்டு, சாரி, எண்ட்டு, எண்ட்டு, மூணு..." மறுபடி மன்னிப்பு. மூன்றாவது முறையும் அதே. நன்றி, வைத்துவிட்டது.

பக்கத்தில் ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தேன். ஸ்டெல்லா சிரித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததற்குப் பிறகு அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "உங்களுக்கும்... புரியல... சொல்லிடுச்சா?" என்றாள்.

பிறகு இடது கையை நீட்டி ஃபோனை வாங்கிக்கொண்டாள். எனக்குக் கொடுக்க மனமில்லை, உண்மையைச் சொல்கிறேன். அதுவும் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டால்? அந்தச் சிரிப்பு அப்படியே போய்விடுமே என்று பயமாக இருந்தது. அவளே அழைத்தாள், கன்னடம் என்றாள், எண்ணைச் சொன்னாள். "ஐ...து. எண்..." என்று நாக்கு சிக்கியது. குரல் மன்னிப்புக் கேட்டது. நான் பாய்ந்து ஃபோனைப் பிடுங்கப் போனேன். அவள் கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, ஃபோனைப் பார்த்து, மூன்றாம் வகுப்பைப் பார்க்கிற மாதிரிப் பார்த்து, "இன்னொந்து... சல... ஹேள்த்தீனி. கேளு" என்றாள். இன்னொரு தடவை சொல்கிறேன், கேள் என்று அர்த்தம். வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது அவள் சொல்லும் அதே வாக்கியம். வீட்டில் டியூஷன் எடுக்கும்போது தினம் என் காதில் விழுந்துகொண்டிருந்தது.

"ஐது. எண்ட்டு. எண்ட்டு. மூரு. ஒந்து. ஏளு."

ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு மூச்சு. பயிற்சியில் அவளுக்கு முதலில் திரும்பி வந்தது எண்கள்தான். எத்தனையோ வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி, நாக்குக்கே மனப்பாடம் ஆகியிருந்ததோ என்னவோ. குரல் அந்த ஆறு எண்ணையும் அதே வரிசையில் திருப்பிச் சொல்லி, சரியா என்று கேட்டது. "சரி" என்றாள். சார்ஜரை மறுபடி இயக்குவதாகச் சொன்னது. சார்ஜர் உள்ளே டக்கென்று ஒரு சத்தம், பச்சை விளக்கு.  ஓட்டலில் தட்டு இட்லி வாங்கி வருகிறேன் என்று இறங்கிப் போனேன்.

முக்கால் மணி நேரத்தில் எழுபத்தைந்து சதவீதம் ஏறியது, முந்நூற்றுப் பத்து ரூபாய். பங்காருபேட்டை வழியாக மீதி முப்பது கிலோமீட்டர். மாதா கோவில் வாசலில் நிறுத்தியபோது ஒன்பதே முக்கால், பூசையில் முதல் பைபிள் வாசகம் ஓடிக்கொண்டிருந்தது. பிலோ ஓடி வந்து கிரீடத்தை வாங்கிக்கொண்டு, "எங்க மாமா போயிட்டீங்க, உயிரே போச்சி" என்று என்னைத்தான் திட்டினாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டெல்லா, "மாமாக்கு... எட்டு... வரல" என்றாள். அன்று பந்தியில் அந்தக் கதையை அவளே மூன்று பேருக்குச் சொன்னாள். நேரம் எடுத்தது. எல்லாரும் இலையில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள், கடைசியில் எல்லாரும் சிரித்தார்கள், என்னைப் பார்த்துத்தான்.

திரும்பும்போது நாலரை மணி. பிலோ வீட்டு ஏ.சி. பிளக்கில் பகல் முழுக்க மாட்டி வைத்திருந்ததால் சார்ஜ் கவலை இல்லை. நரசாப்பூர் தாண்டியதும் ஸ்டெல்லா திரையில் இருந்த மைக் பட்டனை அழுத்தினாள். யாரை அழைக்க என்று கார் கேட்டது. "ரோஸி... மேடம்" என்றாள். "ராஜி மெடிக்கல்ஸை அழைக்கவா" என்றது கார். நான் உதவிக்கு, "ரோஸி, ரோஸி" என்றேன்.

"நீங்க... முடிக்காதீங்க" என்றாள்.

இந்தச் சில மாதங்களில் அவள் ஆரம்பித்த வாக்கியங்களையெல்லாம் நான்தான் முடித்து வைத்துக்கொண்டிருந்தேன். உதவி என்று நினைத்துத்தான். வாயை மூடிக்கொண்டு ரோட்டைப் பார்த்தேன். அவள் மறுபடி சொன்னாள், கார் சரியாகப் பிடித்துக்கொண்டது, மணி அடித்தது. ரோஸி மேடத்தின் குரல் கார் முழுக்கக் கேட்டது. "மேடம்... ஜூன்ல... பர்த்தீனி" என்றாள் ஸ்டெல்லா. வருகிறேன் என்று.  காலையில் இரண்டு பீரியட் மட்டும் எடுங்கள், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மேடம் கன்னடத்தில் சொன்னார். பிள்ளைகள் சிரித்தால் என்ன செய்வது என்று ஸ்டெல்லா கேட்டாள். முதல் நாள் சிரிக்கும், இரண்டாம் நாள் உங்களைப் போலவே மெதுவாகப் படிக்க ஆரம்பிக்கும், எனக்கு அதுவும் நல்லதுதான் என்றார் மேடம்.  எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஸ்மார்ட் பிளக் வைத்திருந்தால், கரண்ட் போய் வந்த பிறகு அது என்ன செய்யும் என்று இன்றே பாருங்கள். பெங்களூரைத் தாண்டும் முன்பே சார்ஜ் போட்டுவிடுங்கள், அடுத்த ஊரில் காலி என்று யார் சொன்னாலும் எதனால் காலி என்று கேளுங்கள். கோலார் ஓட்டலில் கழிப்பறை சுத்தம், தட்டு இட்லி நன்றாக இருக்கிறது, காபி சுமார். உதவி எண்ணில் எண்களை ஒரே மொழியில், ஒவ்வொன்றாக, மூச்சு விட்டுச் சொல்லுங்கள். டபுள் வேண்டாம். உங்களோடு வருகிறவர் நிதானமாகப் பேசுகிறவர் என்றால் ஃபோனை அவரிடமே கொடுத்துவிடுங்கள், நடுவில் கையை நீட்டாதீர்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லா அரிசி டிரம்முக்குப் பின்னால் கையை விட்டு அந்த ஸ்பீக்கரை எடுத்தாள். முந்தானையால் தூசியைத் துடைத்து, பிளக்கில் மாட்டி, மொழியைக் கன்னடத்துக்கு மாற்றச் சொல்லி என்னிடம் நீட்டினாள். மாற்றிக் கொடுத்தேன். ஹாலில் விளக்கை அணைக்கச் சொன்னாள். மன்னிப்புக் கேட்டது. நான் சோபாவில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டேன். "இன்னொந்து சல ஹேள்த்தீனி, கேளு" என்றாள் அதனிடம். மறுபடி மன்னிப்பு. மறுபடி அதே வாக்கியம், குரல் உயரவே இல்லை. நாலாவது தடவை விளக்கு அணைந்தது.

"வெரி குட்" என்றாள் ஸ்டெல்லா, அந்த டப்பாவைப் பார்த்து.