பதினாலாம் குழி மேடு

அவருடைய தொழில் கேடி. கோல்ஃப் ஆடுகிறவர்களின் மட்டைப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பதினெட்டுக் குழிக்கும் கூடவே நடக்கிறவர். மகளுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள், "நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டபோது வெள்ளந்தியாக, "கேடிங்க" என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் குடித்த தண்ணீர் புரையேறியது. மனைவி சமையலறையிலிருந்து ஓடிவந்து, "ஐயோ, அந்தக் கேடி இல்லீங்க, இது பை தூக்குற கேடி" என்று விளக்கிய பிறகுதான் வந்தவருக்கு மூச்சு வந்தது. கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சம்பந்தி இன்றைக்கும் போனை எடுத்தால், "என்ன கேடி, சௌக்கியமா?" என்றுதான் ஆரம்பிப்பார்.

ஐம்பத்து மூன்று வயது. ஒல்லியான உடம்பு, நரம்போடிய கெண்டைக்கால். முப்பது வருட நடை. கிளப்பில் அவரைப் பற்றி ஒரு குறையும் கிடையாது. சொல்லப்போனால் அங்கே அவர் ஒரு பெரிய மனிதர் மாதிரி. அலுவலகச் சுவரில் அவர் படம் மாட்டியிருக்கிறது.

அதற்குக் காரணம் கிளப் உறுப்பினரான ஒரு பல் டாக்டர். ஒன்பது வருடத்துக்கு முன்னால், பனி மூடிய ஒரு விடிகாலையில், பதினாலாம் குழி மேட்டின் அடிவாரத்தில் பல் டாக்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். சுற்றிலும் ஆள் இல்லை. ஆட்டத்துக்குப் போன் கொண்டுவரக் கூடாது என்பது கிளப்பின் விதி. கேடி அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு மேடு முழுக்க ஏறி கிளப் வாசலில் கொண்டுவந்து சேர்த்தார். உயிர் வழியிலேயே போயிருந்தது. ஆனாலும் அவ்வளவு பெரிய மனிதரை இந்த ஒல்லி உடம்பு சுமந்ததே என்று எல்லாரும் கொண்டாடினார்கள். படம் எடுத்தார்கள், சால்வை போர்த்தினார்கள்.

பத்து நாள் கழித்து, வேறொருவரின் பையோடு அதே மேட்டில் கால் வைத்தபோது, முதுகில் ஒரு எடை ஏறியது.

முதலில் பை வாரை இழுத்துவிட்டுப் பார்த்தார். அது பையின் எடை இல்லை. விலாவின் இரண்டு பக்கமும் முழங்காலால் இடுக்கிக்கொள்கிற எடை. கழுத்துக்குப் பின்னால் கிராம்புத் தைலத்தின் வாசனை. நூற்று நாற்பது அடி ஏறியதும் அது இறங்கிக்கொண்டது. அன்றிலிருந்து ஒருநாள் தவறாமல் அப்படித்தான். மனைவியிடம்கூட அவர் வாய் திறக்கவில்லை. அந்த நூற்று நாற்பது அடியை ஆபீஸ் வேலையில் ஒரு எரிச்சல்காரத் துரையைச் சகித்துக்கொள்வது மாதிரி பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டப் பழகிவிட்டார்.

இப்படி இருக்கும்போதுதான் கிளப்பில் ஒரு சண்டை கிளம்பியது. கோல்ஃப் உடற்பயிற்சியா, இல்லை புல்வெளியில் போடும் சொகுசு நடையா? வீட்டில் மனைவிமார்களிடம் தோற்றுப்போன உறுப்பினர்கள் எல்லாம் சேர்ந்து, ஒரு ஆட்டத்துக்கு எத்தனை கலோரி எரிகிறது என்று முறையாக அளந்து சொல்லும்படி ஒரு உடற்கல்விக் கல்லூரிக்கு எழுதினார்கள். அங்கிருந்து கருவிப் பெட்டியோடு ஒரு பெண் வந்தாள். முப்பது வயது இருக்கும். கேடிகள் அவளுக்கு அளவுக்காரம்மா என்று பெயர் வைத்தார்கள்.

மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி, அதிலிருந்து ஒரு குழாய், நெஞ்சில் கட்டிக்கொள்ள ஒரு சின்னப் பெட்டி. உள்ளே போகிற காற்றும் வெளியே வருகிற காற்றும் அதில் பதிவாகும். உடம்பு எவ்வளவு பிராணவாயுவைச் செலவழிக்கிறது என்று தெரிந்தால் கலோரியைக் கணக்குப் போட்டுவிடலாம். ஆடுகிறவர்கள் ஆறு பேர், கேடிகள் நாலு பேர் என்று அவள் பட்டியல் போட்டாள்.

"என்னை விட்டுடும்மா. எனக்கு முகத்தை மூடினா மூச்சு முட்டும்" என்றார் கேடி.

"அண்ணே, இங்க இருக்கறதுலயே நல்லா நடக்கற ஆளு நீங்கதானாம். நீங்க இல்லாம எப்படி?"

மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். மாட்டிக்கொண்டார்.

முதல் நாள் பையோடு நடந்தார். மறுநாள் ஒப்பிடுவதற்காக வெறுங்கையோடு நடக்கச் சொன்னாள். இரண்டு நாளும் மேட்டில் வழக்கம்போல் எடை ஏறியது. முகத்தோடு இறுக ஒட்டிய அந்த முகமூடிக்குள்ளும் கிராம்பு மணத்தது. அவர் முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் கருவிக்கு முகதாட்சண்யம் கிடையாதே.

மூன்றாம் நாள் கேடிகளின் கொட்டகைக்கு ஒரு தாளோடு வந்தாள். கோடு ஒன்று மெல்ல ஏறி இறங்கிப் போய், ஓரிடத்தில் செங்குத்தாக நின்றது.

"சமதரையில நிமிஷத்துக்கு அஞ்சு கலோரிண்ணே. மேடுன்னா ஏழு ஆகலாம். உங்களுக்கு மட்டும் பதினாலு. அதுவும் பை இல்லாத அன்னைக்கும் பதினாலு. அப்புறம் திடீர்னு கீழ விழுது. கருவியை மாத்திப் பார்த்துட்டேன். மத்த மூணு பேருக்கும் இப்படி இல்ல."

"வயசாகுதுல்ல."

"வயசானா மேடு முழுக்கக் கஷ்டமா இருக்கும். நூத்திநாப்பதாவது அடியில சரியாகாது. இதயத்தைக் காட்டணும்ண்ணே, எனக்குப் பயமா இருக்கு."

அவளே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஓடவிட்டுப் பார்த்த டாக்டர், "குதிரை மாதிரி இருக்காரு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். திரும்பி வரும்போது பேருந்தில் அவள் மடியில் தாளை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டபடியே வந்தாள்.

"விளையாட்டுக்குப் போட்டுப் பார்த்தேன்ண்ணே. இவ்வளவு கூடுதலா எரியணும்னா ஒரு அறுபத்தெட்டு, எழுபது கிலோவை நீங்க தூக்கியிருக்கணும்" என்று சிரித்தாள்.

அவர் சிரிக்கவில்லை. ஒன்பது வருடமாகத் தனக்கு மட்டும் தெரிந்ததை இப்போது ஒரு காகிதமும் தெரிந்துகொண்டுவிட்டது. பேருந்திலிருந்து இறங்கி நிழற்குடையில் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். படத்தில் இல்லாததையும் சொன்னார்.

"மேட்டுக்கு நடுவுல ஒரு தண்ணிக் குழாய் இருக்குல்ல, அங்க அவரை இறக்கி வச்சேன்மா. நாக்கு ஒட்டிக்கிச்சு. ரெண்டு கை தண்ணி குடிச்சேன். அவரு என்னையே பார்த்துட்டு இருந்தாரு. திரும்பித் தூக்கும்போது கண்ணு அப்படியேதான் இருந்துச்சு, ஆனா பார்வை இல்ல. நான் நிக்காம போயிருந்தா? யார்கிட்டயும் சொல்லல. சால்வை போர்த்தினப்பவும் சொல்லல."

பேய் பிசாசை நம்புகிற ஜாதி இல்லை அவள். ஆனால் தன் தாளில் விழுந்த கோட்டை அவள் நம்பினாள்.

"எடை எங்க இறங்குது?"

"குழாய்க்கிட்ட. தினமும் அங்க நான் ஒரு நொடி நிப்பேன். நிக்காம இருக்க முடியல, காலு கேக்காது."

"நாளைக்கு நிக்காதீங்க. நான் பக்கத்துல வரேன்."

மறுநாள் காலை பனி விலகவில்லை. ஆட்டக்காரர் யாரும் இல்லை. முகமூடியை மாட்டிக்கொண்டு மேட்டில் கால் வைத்தார். ஏறிக்கொண்டது. கத்திக்கொண்டிருந்த பறவைகள் எல்லாம் யாரோ அதட்டியது மாதிரி அடங்கின. அளவுக்காரம்மா கையிலிருந்த திரையைப் பார்த்து எண்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள். பன்னிரண்டு. பதினாலு. குழாய் தெரிந்தது. சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. கால் பின்னியது.

"நடங்கண்ணே!"

அவர் தாண்டினார். விலாவை இடுக்கிய முழங்கால்கள் இன்னும் இறுகின. பழக்கமில்லாத பாதைக்கு வந்துவிட்ட பயம் அந்தப் பிடியில் இருந்தது. பிறகு அவருடைய வலது தோளில் ஒரு கன்னம் சாய்ந்தது. பதினாறு, என்றாள். அதற்கப்புறம் அவளும் எண் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

மேட்டின் உச்சியைக் கடந்து, கிளப் வாசலில் கித்தான் துணி போட்ட சாய்வு நாற்காலியின் முன் போய்த் திரும்பி நின்று, குழந்தையை இறக்கிவிடுகிறவர் மாதிரி முழங்காலை மெல்ல மடித்தார். முதுகு காலியானது. பின்னால் நாற்காலிக் கட்டை கிறீச்சிட்டது. கித்தான் துணி மெதுவாகத் தொய்ந்தது. ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு தொய்யுமோ அவ்வளவு. இருவரும் அதைப் பார்த்தார்கள். அவள் கேடியின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நிமிடம் இருக்கும். துணி திரும்ப நிமிர்ந்தது.

அந்த வாரமே அவர் பல் டாக்டரின் மனைவியைப் பார்க்கப் போனார். எடையைப் பற்றிச் சொல்லவில்லை, தண்ணீரைப் பற்றி மட்டும் சொன்னார். அந்த அம்மாள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"அவருக்குக் குடுத்தீங்களா?" என்றார்.

"இல்லீங்கம்மா. தோணவே இல்ல."

"அவருக்கும் தாகமா இருந்திருக்கும்ல."

அதில் கோபம் இல்லை. சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது. ஒன்பது வருடத்தில் இது ஒருமுறைகூடத் தனக்கு உறைக்கவில்லையே என்று கேடி அங்கேயே வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் அழுது முடிக்கும்வரை அந்த அம்மாள் எதிரே உட்கார்ந்திருந்தார். "வந்து சொன்னதுக்கு நன்றி. இனிமே வரவேண்டாம்ப்பா" என்று சொல்லிக் கதவு வரை வந்து வழியனுப்பினார்.

கல்லூரி அறிக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. பையோடு பதினெட்டுக் குழி நடந்தால் ஏறக்குறைய ஆயிரத்து இருநூறு கலோரி. உறுப்பினர்கள் அதைப் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்பிக் கொண்டாடினார்கள். கேடிகள் நாலு பேரில் மூன்று பேருடைய அளவுதான் அதில் இருந்தது. நாலாவது ஆளின் கருவியில் கோளாறு என்று அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தாள்.

கேடி இன்னும் வேலைக்குப் போகிறார். சுவரிலிருந்த படத்தை எடுத்துவிடும்படி கிளப் செயலாளரிடம் கேட்டார். அவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பெரிதாக அச்சடித்து மாட்டிவிட்டார். மேட்டில் முதுகில் எதுவும் ஏறுவதில்லை. விலா இரண்டும் வெறுமையாக, குளிர்ந்துபோய் இருக்கின்றன. சில காலைகளில் அடிவாரத்தில் அவர் தன்னையறியாமல் லேசாகக் குனிந்து, கொஞ்சம் காத்திருந்துவிட்டுத்தான் ஏறுகிறார்.